வரும் உயிருக்கு நாம் யார்?

செஞ்சி வட்டாரத்துச் சமணர் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி ஒன்று உண்டு. 1906-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரிலும் அது இடம்பெற்றிருக்கிறது. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கன், உயர்குடிகள் ஒவ்வொன்றிலிருந்தும் தனக்குப் பெண் கேட்டான். சமணர் தருவதாக ஒப்புக்கொண்டனர். குறித்த நாளில் மணக்கோலத்தோடு வந்தவன், ஆளற்ற வீட்டில் பெண் நாய் ஒன்று கட்டியிருக்கக் கண்டான். சினம் தலைக்கேறி, சமணர் தலைகளை வெட்டுமாறு ஆணையிட்டான். பலர் ஊரை விட்டு ஓடினர். பலர் நீறு பூசித் தம்மை மறைத்துக்கொண்டனர். திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஒருவர் குளக்கரையில் சமண முறைப்படி அனுட்டானம் செய்தபோது பிடிபட்டார். அவரை அரசன்முன் கொண்டு நிறுத்திய வேளையில் அரண்மனையில் குழந்தை பிறந்த செய்தி வந்திருந்தது. மகிழ்ச்சியில் இருந்த அரசன் அவரை உயிரோடு விட்டான். தப்பிய அவர் சிரவணபெளகுளம் சென்று ஆகமம் கற்றுத் துறவு பூண்டு வீரசேனாசாரியர் ஆனார். பின்னர் தாயனூர் கங்கய்ய உடையார் அவரைத் தேடிச் சென்று அழைத்து வர, நீறு பூசியிருந்த குடும்பங்கள் மீண்டும் அருகன் அறத்திற்குத் திரும்பின.

கதை குறிக்கும் ஆண்டு 1478. செஞ்சி நாயக்கர் ஆட்சிக் காலத்தோடு அது சரிவரப் பொருந்தாது என்பது வேறு செய்தி. நான் இக்கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் அதில் வரும் அந்தக் குழந்தை. யார் வயிற்றில் பிறந்தது, என்ன பெயர் பெற்றது என்பதைக் கதை சொல்லவில்லை. ஓர் உயிர் இவ்வுலகிற்கு வந்தது. அதன் வரவால் வேறோர் உயிர் பிழைத்தது. அவ்வளவே. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இப்பகுதியில் நம் சமயத்திற்கு மறுவாழ்வு தந்தவராகச் சொல்லப்படுபவர் ஒரு துறவி. நாம் இன்று சமணராக இருப்பதற்கு அவர் காரணமாக இருக்கலாம். ஆனால் நம்மில் எவரும் அவருடைய குருதிவழி வந்தவர் என்று சொல்லிக்கொள்ள இயலாது.

சென்ற தசலட்சண பர்வத்தின்போது, என் தங்கையின் பேத்தியும் அவள் கணவரும் அனந்தபுரத்தில் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தனர். மணமாகி ஐந்தாண்டுகள் ஆகின்றன. இருவரும் முப்பதைக் கடந்தவர்கள். முதல் மூன்று ஆண்டுகள் அவர்களே தள்ளிப்போட்டார்கள். அதன்பின் விரும்பியபோது கருத்தரிக்கவில்லை. சோதனைக் குழாய் முறையில் முயலலாம் என மருத்துவர் கூறி, கையெழுத்திட வேண்டிய படிவங்களைக் கொடுத்திருந்தார். அவற்றில் ஒரு வினா: எஞ்சும் கருக்களை என்ன செய்வது? உறைநிலையில் வைப்பதா, ஆய்வுக்குக் கொடுப்பதா, அழிய விடுவதா? அந்தப் பெண் படிவத்தை என் முன் வைத்து, “நம் சமயம் இதற்கு என்ன சொல்கிறது தாத்தா?” என்று கேட்டாள்.

நான் சொன்ன முதல் விடையை எழுதவே நாணமாக இருக்கிறது. “எல்லாம் வினைப்பயன் அம்மா, நம் கையில் என்ன இருக்கிறது?” என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வினைதான் கையெழுத்துப் போடுமா தாத்தா?” என்று கேட்டாள். அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் மாணவர் கேள்விக்கு இவ்வளவு மலிவான விடையை நான் தந்ததில்லை. அதன்பின் பல மாதங்கள் நூல்களோடும் அறிந்தோரோடும் கலந்து எண்ணியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், மகப்பேறு நமக்குக் கடமையா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வைதிக நெறியில் அது கடன். தென்புலத்தார்க்குரிய கடனைப் புதல்வரைப் பெற்றே தீர்க்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்திற்குப் பரிமேலழகர் ‘புதல்வரைப் பெறுதல்’ என்று பெயரிட்டு, அக்கடனைச் சொல்லியே உரையைத் தொடங்குகிறார். அவருக்கு முந்திய மணக்குடவரிடம் அதன் பெயர் ‘மக்கட்பேறு’. ஒன்றில் புதல்வர் மட்டுமே உளர். மற்றொன்றில் மகளும் அடங்குவாள். ஒன்றில் கடன் தெரிகிறது. மற்றொன்றில் பேறு தெரிகிறது. திருவள்ளுவரை நம்மவர் என்று பெருமை பேசும் நாம், நம் இல்லங்களில் நடைமுறையில் பின்பற்றுவது பரிமேலழகரின் தலைப்பைத்தானோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

நம் சித்தாந்தத்தில் அந்தக் கடனுக்கு இடமே இல்லை. ஓர் உடலை நீத்த உயிர் அடுத்த பிறவியிடத்தை நான்கு சமயத்துக்குள் அடைந்துவிடும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் கூறும் கருத்து. சமயம் என்பது காலத்தின் மிக நுண்ணிய பகுதி. கண்ணிமைப்பதற்குள் எண்ணற்ற சமயங்கள் கழிந்துவிடும். ஆகவே நம் பாட்டனார் எங்கோ பசித்து, பேரன் இடும் பிண்டத்திற்காகக் காத்திருக்கவில்லை. அவர் தம் வினைக்கேற்ற கதியை அன்றே அடைந்துவிட்டார். மகன் இல்லாதவன் நரகம் புகுவான் என்ற அச்சம் நமக்குரியதன்று. வீடுபேறு அவரவர் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கத்தால் வருவது, பிள்ளையால் வருவதன்று.

இதனை நீதிமன்றங்களும் ஒரு வகையில் உணர்ந்திருக்கின்றன. மகவற்ற சமண விதவை, கணவன் தந்த அனுமதி இல்லாமலே சுவீகாரம் செய்துகொள்ளலாம் என்று 1878-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், வடநாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. நீர்க்கடன் செலுத்த ஒருவன் வேண்டும் என்பதற்காகச் சமணர் பிள்ளை எடுப்பதில்லை. அது உலகியல் காரியம். ஆதலால் இறந்த கணவனின் ஆணை அதற்கு இன்றியமையாததன்று. நம் சென்னை உயர்நீதிமன்றத்தில், 1927-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் உள்ள கட்டெப்பா – எரம்மா வழக்கும் சமண விதவையின் சுவீகாரம் பற்றியதே. சமணம் வைதிகத்திலிருந்து பிரிந்த கிளையன்று, அது தனிச் சமயம் என்ற தம் கருத்தை நீதிபதி குமாரசாமி சாஸ்திரி எழுதியது அந்த வழக்கில்தான். ஆனால் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? மகவில்லாத மருமகளை வளைகாப்பில் முன்வரிசையில் அமர்த்துவதற்கு நம் பெண்டிரே தயங்குகின்றனர். இதற்கு எந்த ஆகமத்தில் ஆதாரம்? சாத்திரம் விடுவித்த ஒருத்தியை உறவுமுறை கட்டிப்போடுகிறது.

கடன் இல்லை என்றால், பெறாமலே இருப்பது மேலான அறம் ஆகாதா? இதனைக் கேட்கும் இளைஞர்கள் இன்று நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். 2019-இல் மும்பையைச் சேர்ந்த ரஃபேல் சாமுவேல் என்னும் இளைஞர், தம் இசைவின்றித் தம்மைப் பெற்றதற்காகப் பெற்றோர்மீது வழக்குத் தொடுக்கப் போவதாக அறிவித்தது செய்தித்தாள்களில் வந்தது. கேட்டவர் நகைத்தனர். நகைத்துத் தள்ளக்கூடிய வினா அன்று அது. பிறவியே துன்பம், சம்சாரமே சிறை என்று நாள்தோறும் துதி பாடும் நாம், ஓர் உயிரை அந்தச் சிறைக்குள் இழுத்து வருவது கொல்லாமைக்கு ஒத்ததா?

இவ்வினாவின் அடியில் ஒரு கருத்து மறைந்திருக்கிறது. பெற்றோர் இல்லையேல் அவ்வுயிரும் இல்லை என்பது அது. சமணம் அதனை ஏற்பதில்லை. உயிர் அநாதி. அதனைப் படைத்தவர் எவரும் இலர். தாயும் தந்தையும்கூட அல்லர். அவர்கள் கதவடைத்தாலும் அவ்வுயிர் பிறவாமல் நின்றுவிடாது. தன் ஆயுள் வினையும் நாம வினையும் ஈர்க்கும் இடத்தில், விலங்காகவோ புழுவாகவோ மரமாகவோ பிறந்தே தீரும். அரிதினும் அரிதாகக் கிட்டும் மனிதப் பிறவிக்கு, அறம் கேட்கக்கூடிய ஓர் இல்லம் வாயிலாக அமைவது அவ்வுயிருக்குச் செய்யும் தீங்கு ஆகாது.

ஆனால் இந்த வாதத்தை நீட்டிக்கொண்டே போனால் விபரீதம் விளையும். மனிதப் பிறவி அரிது, சமண இல்லத்தில் பிறப்பது அதனினும் அரிது. அப்படியானால் இயன்ற வரை பல பிள்ளைகளைப் பெறுவதே உயிர்களுக்குச் செய்யும் உபகாரம் என்று ஒருவர் சொல்லலாம். சிலர் மேடையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். பிழை எங்கே என்று நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். உபாதானம், நிமித்தம் என்னும் பாகுபாட்டில்தான் விடை இருக்கிறது. அவ்வுயிர் பிறப்பதற்கு முதற்காரணம் அதன் வினையே. பெற்றோர் நிமித்தம் மட்டுமே. நிமித்தமாக நிற்பவன், பிறர் வினையைத் திருப்பிவிடும் உபகாரி என்று தன்னை எண்ணிக்கொள்வது அகந்தை. ‘நான் என்ன செய்ய முடியும், எல்லாம் வினை’ என்று ஒதுங்குவதோ மடமை; நான் அந்தப் பெண்ணிடம் செய்த பிழை இதுவே. குயவன் மண்ணைப் படைப்பதில்லை. ஆயினும் சக்கரத்தைச் சுழற்றும் கை அவனுடையது; அதன் நடுக்கத்திற்கும் கவனத்திற்கும் அவனே பொறுப்பு. வரும் உயிரின் வினை நம் கணக்கில் இல்லை. அதனை அழைக்கும்போது நம் உள்ளத்தில் இருந்த எண்ணமும், அழைத்த பின் நாம் நடந்துகொள்ளும் முறையும் நம் கணக்கில் எழுதப்படும்.

ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கருவில் தொடங்கும் கிரியைகள் ஐம்பத்து மூன்று என வகுக்கிறது. முதலாவது ஆதானம், அதாவது கருக்கொள்ளும் செயல். திருமணமும் துறவும் அதன்பின் வருபவை. தீர்த்தங்கரர்களின் பஞ்ச கல்யாணங்களிலும் முதலாவது கர்ப்பாவதரணமே. பிறந்த பின் அன்று, கருவுற்ற போதே வழிபாடு தொடங்குகிறது. இதிலிருந்து எனக்குப் புலப்படுவது, பெற்றோர் ஆவதை நம் முன்னோர் விரதத்தைப் போல நோக்கினர் என்பதே. விரதம் ஏற்பவன் தன் வலிமையை அளந்து, அளவு வகுத்து, அறிந்து ஏற்கிறான். ஏற்ற பின் வசதியில்லை என்று விடுவதில்லை. திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்ததைப் பாறையில் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பாறைமுன் நிற்கும்போதெல்லாம், நாள் எண்ணிக் காத்த ஓர் உறுதி அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. கருவுற்ற தாயும் நாள் எண்ணுகிறாள். ஏறத்தாழ இருநூற்றெண்பது நாள். ஒன்று உடலை விடுவதற்கு, ஒன்று உடல் தருவதற்கு. இரண்டையும் ஒப்பிடுவது தகாது என்று பெரியோர் சினந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இனி, எப்போது என்னும் வினா. எங்கள் பாட்டியார் காலத்தில் இவ்வினாவே எழவில்லை. பதினான்கு வயதில் மணம், எட்டுப் பேறு, மூன்று நான்கு குழந்தைகளைப் புதைப்பது, அதைப் பற்றிப் பேசாமலே முதுமை அடைவது. அக்காலத்தைப் பொற்காலம் என்போர் அந்தத் தாய்மாரை ஒருமுறையேனும் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்ற திருமண வயது 1978-இல்தான் சட்டமாயிற்று. இன்று நம் பெண்கள் பொறியியலும் மருத்துவமும் பயின்று இருபத்தேழு, இருபத்தெட்டில் மணம் புரிகின்றனர். இது நலமே. அதன்பின் தள்ளிப்போடுவதற்குச் சொல்லும் காரணங்கள்தாம் சிந்திக்கத்தக்கவை. படிப்பு முடியட்டும் என்றால் அது தக்க காரணம். உடல் தேறட்டும் என்றாலும் தக்கதே. முதலில் சென்னையில் சொந்த அடுக்ககம், பின் கார், பின் வெளிநாட்டில் இரண்டாண்டு என்று பட்டியல் நீளும்போது, மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. குழந்தைக்காகவே இவற்றைச் சேர்ப்பதாகச் சொல்கிறார்கள். குழந்தை அடுக்ககம் கேட்பதில்லை. உடலோ நம் பட்டியலுக்காகக் காத்திருப்பதில்லை. பெண்ணின் கருவுறும் ஆற்றல் முப்பதுகளின் நடுவிலிருந்து விரைவாகக் குறைகிறது என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். ஆண்களுக்கும் வயது ஒரு பொருட்டே. இதனை மணமக்களிடம் முன்கூட்டியே சொல்லும் துணிவு பெரியவர்களுக்கு வேண்டும். நாமோ மணமான மறு மாதமே “விசேஷம் உண்டா?” என்று கேட்டு அவர்களைக் கூசச் செய்கிறோம், அறிய வேண்டியதை மட்டும் சொல்வதில்லை.

எத்தனை என்னும் வினாவில் அரசும் சமூகமும் புகுந்துவிடுகின்றன. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவர்தோறும் எழுதிய காலம் நமக்கு நினைவிருக்கிறது. 1975 முதல் 1977 வரை நாட்டின் பல பகுதிகளில் கட்டாயக் கருத்தடை நடந்தது. இன்று காற்று மாறி வீசுகிறது. 2024 அக்டோபரில், மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதிகளும் குறையுமே என்ற கவலையில், பதினாறு பிள்ளை பெறலாமோ என்று நம் மாநில முதலமைச்சராயிருந்த திரு. மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பாதி வேடிக்கையாகப் பேசினார். பார்சி மக்களின் தொகை 2001-இல் 69,601 ஆக இருந்து 2011-இல் 57,264 ஆகக் குறையவே, மத்திய அரசு 2013-இல் ‘ஜியோ பார்சி’ திட்டத்தைத் தொடங்கிக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு உதவி வருகிறது.

நம் கணக்கும் மகிழத்தக்கதாக இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் சமணர் 44,51,753 பேர். தமிழ்நாட்டில் 89,265 பேர். இதில் வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் அடங்கும். தமிழ்ச் சமணர் ஒரு பகுதியே. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி, 2015–16 தேசிய குடும்பநல ஆய்வில் சமணரிடையே 1.2, 2019–21-இல் 1.6. தொகை குறையாமல் நிலைபெற 2.1 வேண்டும். வீடூர், பேரமண்டூர், அகலூர், வளத்தி என்று எந்த ஊருக்குச் சென்றாலும் பூட்டிய வீடுகளைக் காண்கிறோம். திருவிழாவிற்குத் தேர் இழுக்க வெளியூர்ப் பிள்ளைகளை எதிர்பார்த்து நிற்கிறோம். ‘மூன்றாவது குழந்தை பெறுவோருக்குப் பரிசு’ என்ற யோசனை கூட்டங்களில் எழுவது இந்த அச்சத்தினால்தான். அச்சம் நேரியது. யோசனையை நான் ஏற்கவில்லை. தேர் இழுக்க ஆள் வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை அழைப்பது, அவ்வுயிரைக் கருவியாக்குவது ஆகும். இருக்கின்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பஞ்ச மந்திரத்தின் பொருள் தெரியும்? வீரசேனாசாரியர் மக்களைப் பெற்று இப்பகுதியில் அறத்தை மீட்கவில்லை. இருந்தவர்களுக்குக் கற்பித்து மீட்டார். நெருங்கிய உறவில் மணம் முடிப்பதும் இத்தோடு சேர்ந்த செய்தியே. சிறு சமூகம் ஆதலால் மாமன் மகள், அத்தை மகன் என்று முடித்துவிடுகிறோம். அத்தகைய மணங்களில் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு ஏனையோரைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று அளவு கூடுதல் என்று மருத்துவம் சொல்கிறது. தொகையை எண்ணிக் கவலைப்படுவோர் இதனையும் எண்ண வேண்டும்.

எண்ணிக்கை என்று வந்தபின் மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2001 கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட சமணக் குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 870. நாட்டின் சராசரி 927. 2011-இல் நம்முடையது 889, நாட்டினுடையது 919. எழுத்தறிவில் அனைத்துச் சமயத்தாரையும் விட முன்நிற்பவர் சமணர் என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. எறும்பு மிதிபடாமல் நடக்கப் பழகியவர்கள், நீரை வடிகட்டிப் பருகுவோர், இரவில் உண்ணாதோர். அந்த இல்லங்களில் இத்தனை பெண் குழந்தைகள் எங்கே போயினர்? இது வடநாட்டு மாநிலங்களின் கணக்கு, நமக்குரியதன்று என்று சிலர் கூறுவர். சமணர் என்ற பெயரில் சிறுபான்மைத் தகுதி 2014-இல் வந்தபோது பங்கு கொண்டோம். பழியில் மட்டும் பங்கு இல்லையா? கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. நம் அறத்திற்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டிருக்கவே கூடாது. ஆதிபகவான் தம் மகளிர் பிராமிக்கும் சுந்தரிக்கும் எழுத்தும் எண்ணும் கற்பித்தார் என்று ஸ்ரீபுராணம் படிக்கும் வீட்டில், மகள் என்றால் முகம் வாடுவது எப்படி?

இப்போது அந்தப் படிவத்திற்கு வருகிறேன். கருவில் உயிர் எப்போது புகுகிறது என்பதில் உலகச் சமயங்களிடையே வேறுபாடு உண்டு, நமக்கு ஐயமில்லை. உயிர் இடையில் தங்கிக் காத்திருப்பதில்லை ஆதலால், கரு உண்டான கணமே உயிர் அங்கே உளது. கண்ணாடித் தட்டில் உண்டானாலும் அஃதே. ஐம்பொறியும் மனமும் பெறவல்ல மனித உயிர் அது. 2021-இல் இயற்றிய உதவிக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம், கருக்களைப் பத்தாண்டுக்கு மேல் சேமிக்கக் கூடாது என்கிறது; அதன்பின் அவற்றை அழிய விடலாம், அல்லது இசைவு பெற்று ஆய்வுக்குத் தரலாம். சட்டத்திற்கு அது போதும்.

எதிர்வாதத்தையும் கேட்போம். இயற்கையில் உண்டாகும் கருக்களிலும் பல, தாய் அறியாமலே அழிந்துவிடுகின்றனவே? உண்மை. ஆண்பெண் கூட்டத்திலேயே எண்ணற்ற நுண்ணுயிர்கள் மடிகின்றன என்று புருஷார்த்த சித்தியுபாயம் கூறுகிறது. இல்லறம் முழுமையான கொல்லாமை அன்று; நம் ஆசாரியர்கள் அதனை மறைத்ததே இல்லை. அதனால்தான் இல்லறத்தானுக்கு ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். சமைத்தல் முதலிய வீட்டுச் செயலில் நேர்வது ஆரம்பி; தொழிலில் நேர்வது உத்தியோகி; தற்காப்பில் நேர்வது விரோதி; எண்ணித் துணிந்து செய்வது சங்கல்பி. முதல் மூன்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும். நான்காவதை அறவே விட வேண்டும். தானாக அழியும் கரு ஆரம்பியின் பாற்படும். எட்டுக் கருவை உண்டாக்கி, இரண்டை வைத்து, ஆறு தேவைப்படாது என்று முன்னரே அறிந்து படிவத்தில் குறியிடுவது? அதனைச் சங்கல்பி அன்று என்று சொல்ல என்னால் இயலவில்லை.

எனவே சிகிச்சையே கூடாது என்று முடிப்பது எளிது. சிலர் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் குற்றம் சிகிச்சையில் இல்லை, மிகுதியில் இருக்கிறது. கருமுட்டை வேறு, கரு வேறு. சேராத முட்டையில் கருப்பப் பிறப்பு இன்னும் நிகழவில்லை. ஆகவே வயிற்றில் வைக்கக்கூடிய அளவுக்கு மட்டும் கருவாக்கி, எஞ்சிய முட்டைகளை முட்டையாகவே உறைய வைத்தால், உயிரைச் சேமிப்பறையில் அடைக்க நேராது. இது என் கற்பனை அன்று. ஜெர்மனியில் 1991 முதல் நடைமுறையில் உள்ள கருப் பாதுகாப்புச் சட்டம், ஒரு சுழற்சியில் வைக்க எண்ணுவதற்கு மேல் கருமுட்டைகளைக் கருவாக்குவதைத் தடுக்கிறது. இத்தாலி 2004-இல் மூன்றுக்கு மேல் கூடாது என்று விதித்தது; தாயின் உடல்நலத்தை அது பாதிக்கிறது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல் அவ்வரம்பை நீக்கியது. ஆகவே இவ்வழிக்கும் விலை உண்டு. முயற்சிகள் கூடும், செலவு கூடும், ஒவ்வொரு தோல்வியின் துயரும் பெண்ணின் உடல்மீதே விழும். அந்த விலையை யார் தருவது என்பதை வயதில் மூத்த ஆண்கள் திண்ணையில் அமர்ந்து முடிவு செய்வது முறையன்று. நான் அறிந்ததை அவளிடம் சொன்னேன். முடிவு அவர்களுடையது.

மற்றொரு வழியையும் சொன்னேன். சச்சந்தன் போரில் மாள, விசயை மயிற்பொறியில் தப்பி இடுகாட்டில் ஈன்ற மகனே சீவகன். இறந்த தன் குழந்தையோடு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அவனை எடுத்துச் சென்றான். அவனும் சுநந்தையும் வளர்த்த பிள்ளையே பின்னர் நாடாண்டு, துறவு பூண்டு, வீடு பெற்றான். நம் பெருங்காப்பியத்தின் தலைவன் ஒரு வளர்ப்புப் பிள்ளை. காப்பியத்தைப் போற்றும் நாம், வளர்ப்புப் பிள்ளைக்குப் பெண் கொடுக்கும்போது குலம் கேட்கிறோம். 1956-ஆம் ஆண்டின் சுவீகாரச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். பெற்றோர் அறியாக் குழந்தைகளை 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி மத்திய ஆணையத்தில் பதிந்து பெறலாம். காத்திருப்பு நீண்டது. சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது அதில் விடப்பட்டவை பெரும்பாலும் பெண் சிசுக்கள் என்பதை நினைத்துக்கொண்டால், நம் விண்ணப்பத்தில் ‘ஆண் குழந்தை வேண்டும்’ என்று எழுதக் கை வராது.

அவர்கள் இருவரும் முதலில் மருத்துவத்தையே தேர்ந்தனர். மருத்துவரிடம் சென்று, இரண்டு முட்டைகளை மட்டும் கருவாக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். வெற்றி வாய்ப்புக் குறையும் என்று மருத்துவர் எடுத்துரைத்தார். அவர்கள் விரும்பியபடியே செய்யவும் இசைந்தார். எட்டு முட்டைகள் கிடைத்தன. இரண்டில் ஒன்று கருவாகவில்லை. மற்றதை வைத்தார்கள்; தங்கவில்லை. ஆறு முட்டைகள் உறைநிலையில் இருக்கின்றன. அந்தப் பெண் அழுதாளா என்று நான் கேட்கவில்லை; தொலைபேசியில் குரல் அடைத்திருந்தது. படிவத்தில் அந்த மூன்று கட்டங்களையும் குறுக்கே கோடிட்டு அடித்து, ‘பொருந்தாது’ என்று எழுதிக் கொடுத்ததாக மட்டும் சொன்னாள்.

தை பிறந்தபின் மறுபடி முயலப் போகிறார்கள். சுவீகார ஆணையத்திலும் பெயர் பதிந்துவிட்டார்கள்; ஆணா பெண்ணா என்ற இடத்தில் எதுவாயினும் சரி என்று குறித்திருக்கிறார்கள். எது முன்னே வருகிறதோ வரட்டும் என்கிறாள்.

சென்ற வாரம் இருவரும் மேல்சித்தாமூரில் தரிசனம் முடித்துவிட்டு அனந்தபுரம் வந்தார்கள். பொழுது சாயுமுன் உணவு முடிய வேண்டுமே என்று என் மனைவி அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். திண்ணையில் எதிர்வீட்டுச் சிறுவன் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறினான். அவள் இலையில் பாதியை விட்டு எழுந்துபோய், அவன் பக்கத்தில் அமர்ந்து, முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள்.